சிக்காகோ நகரின் மேசன் மாளிகை

'லொட்ஜ்' என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மிற் பெரும்பாலார்க்கு நினைவில் எழுவது, வெளியூரிலிருந்து வருவோர் ஓரிரவு தங்கிச் செல்லும் விடுதியே. அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பிறீமேசன் போன்ற சகோதர சங்கங்களின் கிளைக்கும், அக்கிளையைச் சேர்ந்தோர் கூடும் மண்டபத்துக்கும் அதுவே பெயர். கொழும்பிலே காலிமுகத்திடலுக்கு அண்மையில் உள்ள விக்டோறியா மேசன் மண்டபத்தை நேயர்களிற் சிலர் பார்த்திருக்கக்கூடும். இன்று யான் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய மண்டபம் ஒன்றைப் பற்றியே. ஆயினும் அது நம் நாட்டிலுள்ளதன்று. இன்று எங்குமே இல்லாததும் ஆகும். அமெரிக்காவில் சிக்காகோ நகரின் நடுவே 1892ஆம் ஆண்டில் எழுந்து நின்று, 1939ஆம் ஆண்டில் இடித்து அகற்றப்பட்ட மேசன் மாளிகையின் கதை இது.

பிறீமேசன் சங்கம் இங்கிலாந்திலே கல்வேலை செய்வோரின் பழைய கழகங்களைத் தன் முன்னோடியாகக் கூறிக்கொள்வது. மூலைமட்டமும் கவராயமும் அதன் சின்னங்களாய் அமைந்தமைக்கு இதுவே காரணம். 1717ஆம் ஆண்டில் இலண்டனிலே அதன் தலைமை லொட்ஜ் அமைக்கப்பட்டது. அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற அச்சங்கம், அந்நாட்டின் சிற்றூர்கள்தோறும் வேரூன்றியது. சங்கம் கூடுவதற்கு மண்டபம் வேண்டும். மண்டபத்துக்கு நிலமும் பணமும் வேண்டும். அங்கத்தவர் கொடுக்கும் சந்தா அதற்குப் போதாது. ஆகவே அமெரிக்கச் சங்கத்தார் எளியதொரு வழியைக் கண்டனர். கடைத்தெருவிலேயே ஒரு மனையை வாங்கி, இரண்டு அல்லது மூன்று மாடி வைத்துக் கட்டுவர். தெருவோடு ஒட்டிய கீழ்த்தளத்தைக் கடைகளுக்கு வாடகைக்கு விடுவர். நடுவில் மாடி இருப்பின் அதில் மருத்துவரும் வழக்கறிஞரும் இருப்பர். எல்லாவற்றுக்கும் மேலே, தெருவின் இரைச்சல் எட்டாத உயரத்தில், சங்கத்தின் மண்டபம் இருக்கும். கீழே நடக்கும் வியாபாரம் மேலே நடக்கும் கிரியைகளுக்குச் செலவு கொடுக்கும். இத்தகைய கட்டிடங்கள் பலவற்றை அமெரிக்கச் சிற்றூர்களின் பெருந்தெருக்களில் இன்றும் காணலாம்.

சிக்காகோ மேசன்கள் செய்ததும் இதுவே. ஆனால் அவர்கள் இரண்டு மாடியோடு நிற்கவில்லை; இருபதுக்கும் மேற்பட்ட மாடிகளை எழுப்பினர்.

அஃது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள அந்நாளைய சிக்காகோவை நோக்கவேண்டும். 1871ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெருந்தீ நகரின் நடுப்பகுதியை எரித்துவிட்டது. அந்தச் சாம்பலின்மேல் நகரம் முன்னிலும் வேகமாக வளர்ந்தது. 1880ஆம் ஆண்டில் ஏறக்குறைய 5 இலட்சமாய் இருந்த குடிசனத்தொகை, 1890ஆம் ஆண்டில் 11 இலட்சத்தை அண்மித்தது. வியாபாரிகள் அனைவரும் ஆற்றுக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள குறுகிய நிலத்திலேயே இடம் தேடினர். நிலத்தின் விலை ஏறியது. விலை கொடுத்து வாங்கிய நிலத்திலிருந்து வருவாய் பெறவேண்டுமாயின் மேல்நோக்கிக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு வேண்டிய இரு சாதனங்களும் அப்போது கைக்கு வந்திருந்தன. ஒன்று, சுவரின்மேல் பாரத்தை ஏற்றாமல் கட்டிடம் முழுவதையும் தாங்கும் உருக்குச் சட்டகம். மற்றையது, லிப்ட் என்று வழங்கும் உயர்த்தி.

ஸ்டேட் வீதியும் றாண்டால்ப் வீதியும் சந்திக்கும் மூலையில் மேசன்கள் தம் மனையைத் தேர்ந்தனர். அது நகரின் மிகப் பெரிய கடைத்தெருவின் தலைமூலை. கட்டிடக் கலைஞராக அமர்த்தப்பட்டோர் டானியல் பேண்ஹம், ஜோன் வெல்போண் றூட் என்னும் இருவர். பேண்ஹம் காரியத்தை நடத்திச் செல்வதில் வல்லவர்; றூட் வடிவமைப்பில் வல்லவர். 1890ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே மூலைக்கல் நாட்டப்பட்டது. அடுத்த சனவரியில் றூட் நிமோனியாக் காய்ச்சலால் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 41. தம் கையால் வரைந்த மிக உயர்ந்த கட்டிடம் எழுந்து நின்றதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

கட்டிடம் 302 அடி உயரமுடையது. தெருவில் நின்று அதனை நோக்கியவர் முதலிற் கண்டது ஸ்டேட் வீதியை நோக்கிய பெரும் வில்வளைவு வாயில். அடித்தளங்கள் கருங்கல்லால் ஆனவை. அவற்றுக்கு மேலே, செங்கல்லும் சுடுமண் பலகையும் போர்த்த சுவர்கள் அலங்காரம் அதிகமின்றி நேராக மேலே சென்றன. உச்சியிலே, தட்டையான மொட்டைமாடிக்குப் பதிலாக, ஐரோப்பாவின் பழைய நகர மண்டபங்களை நினைவூட்டும் செங்குத்தான கூரை இருந்தது. உள்ளே உருக்குச் சட்டகம். பெருங்காற்று அடிக்கும்போது சட்டகம் வளையாதிருக்கக் குறுக்காக இழுத்துக் கட்டிய உருக்குக் கம்பிகள்.

அடித்தளத்தை அமைத்த முறையையும் நேயர்கள் அறிந்துகொள்ளவேண்டும். கதையின் முடிவில் அது மீண்டும் வரும். சிக்காகோ நகரின் கீழே உள்ளது மென்மையான களிமண். உறுதியான பாறை மிக ஆழத்தில் உள்ளது. ஆகவே அந்நாளைய கலைஞர், தண்டவாளங்களையும் உருக்குத் துலாக்களையும் ஒன்றன்மேலொன்று குறுக்காக அடுக்கி, அவற்றைக் கொங்கிறீட்டுக்குள் பதித்து, அகன்ற மேடைகளை அமைத்தனர். சேற்றிலே இறங்குவோன் காலடியில் பலகையை இட்டுக்கொள்வதைப் போன்றது இது. கட்டிடத்தின் பாரம் அகலப் பரவியதால் அது களிமண்ணின்மேல் தங்கி நின்றது. அதாவது, அம்மாளிகை பாறையின்மேல் நிற்கவில்லை, களியின்மேல் மிதந்தது.

வாயிலினூடாக உள்ளே செல்வோம். நடுவிலே ஒரு முற்றம். அது கீழிருந்து உச்சிவரை திறந்த கிணறு போல எழுகின்றது. அதன் மேலே கண்ணாடிக் கூரை. அதன் வழியாகப் பகல்வெளிச்சம் இறங்குகின்றது. முற்றத்தைச் சுற்றி மாடிக்கு மாடி நடைவழிகள். கீழே ஒன்பது மாடிகளிலும் கடைகள். அவற்றுக்கு மேலே காரியாலயங்கள். எல்லாவற்றுக்கும் மேலே மேசன்களின் மண்டபங்கள். கூரைக்கருகில் நின்று நகரையும் ஏரியையும் பார்ப்பதற்கு ஏற்ற இடம். சிற்றூரில் மூன்று மாடியில் அடங்கிய ஒழுங்கு அப்படியே இங்கும் இருந்தது: கீழே கடை, நடுவே காரியாலயம், மேலே சங்கம்.

கட்டிடம் எழுந்த அடுத்த ஆண்டே சிக்காகோவில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. 1893ஆம் ஆண்டு மே முதல் ஒக்ரோபர் வரை நடந்த அக்காட்சியை முன்னின்று அமைத்தவரும் பேண்ஹமே. அதற்கு வந்தோர் தொகை இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டது. நம் இலங்கையும் அங்கே தனக்கென ஒரு மண்டபத்தை அமைத்திருந்தது. நம் நாட்டு மரத்தாலும் நம் நாட்டுச் சிற்பவேலையாலும் அமைந்த அம்மண்டபம், இலங்கைத் தேயிலையை அமெரிக்கர்க்கு அறிமுகஞ் செய்யும் நோக்கமுடையது. அதே ஆண்டு செப்டெம்பரில் கூடிய சர்வமத மகாசபைக்கு இலங்கையிலிருந்து அநகாரிக தர்மபாலர் சென்றிருந்தார். பின்னர் 1897ஆம் ஆண்டு சனவரியில் கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் சென்ற சுவாமி விவேகானந்தர், தம் பெயரை உலகறியச் செய்ததும் அச்சபையிலேதான். அச்சபை கூடிய மண்டபத்திலிருந்து மேசன் மாளிகை நடந்து செல்லக்கூடிய தூரத்தில் இருந்தது. நகருக்கு வந்தோர் அண்ணாந்து பார்த்த கட்டிடங்களில் அதுவும் ஒன்று.

புகழ் இவ்வாறிருக்க, கணக்கு வேறுவிதமாக இருந்தது.

நேயர்களே, ஒரு கடை எவ்வாறு பிழைக்கின்றது என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். கொழும்புச் செட்டியார் தெருவிலோ யாழ்ப்பாணத்துப் பெரியகடையிலோ நாம் நடந்து செல்லும்போது, வாங்க நினைத்துச் சென்றது ஒன்று. கண்ணிற் பட்டு வாங்கிவந்தது வேறொன்று. தெருவிலே செல்வோன் கண்ணே கடைக்காரனுக்கு முதல். அந்தக் கண் எட்டாவது மாடிக்கு எட்டுமா? சேலை வாங்க வந்தவள் மூன்றாம் மாடியில் ஒரு சிறுகடை இருப்பதை அறிந்திருந்தால் ஏறிச்செல்வாள். அறியாதவளை அங்கு அழைத்துச் செல்வது எது? பெருங் கடையொன்று மாடிகள் முழுவதையும் தானே வைத்திருந்தால், உள்ளே வந்தவரை மேலே செல்லத் தூண்டலாம். அதே ஸ்டேட் வீதியிலே அத்தகைய பெருங்கடைகள் செழித்தும் இருந்தன. ஆனால் தனித்தனிச் சிறு வியாபாரிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வைப்பது வேறு. மேல்மாடிக் கடைகள் எதிர்பார்த்தவாறு செழிக்கவில்லை.

இரண்டாவது இடர் லிப்ட். உயர்ந்த கட்டிடமொன்றைக் குத்தாக நிறுத்திய தெரு என்று கொண்டால், அத்தெருவில் ஓடும் ஒரே வண்டி லிப்ட்தான். அவ்வண்டியின் இயல்பு யாது? மாடிகள் கூடக்கூட அது செல்லும் தூரம் கூடும். நிற்கும் இடங்களும் கூடும். கீழே காத்திருப்போன் காத்துக்கொண்டே இருப்பான். சரி, இன்னும் சில லிப்டுகளை வைப்போம் என்றால், ஒவ்வொரு லிப்டுக்கும் வேண்டிய கிணறு ஒவ்வொரு மாடியிலும் வாடகைக்கு விடக்கூடிய இடத்தை விழுங்கிவிடும். வழியை அகலமாக்கினால் வருவாய் குறையும்; வழியைக் குறுக்கினால் வாடகையாளர் குறைவர். உயர்ந்த கட்டிடம் கட்டுவோர் எல்லாரும் எதிர்நோக்கும் சிக்கல் இதுவே. மேசன் மாளிகை கட்டப்பட்டபோது இதனை அனுபவத்தால் நன்கு அறிந்தோர் சிலரே.

மூன்றாவது இடர் மேலிருந்து வந்தது. சங்க மண்டபங்கள் நாள்தோறும் நிறைந்திருப்பவை அல்ல. வெறுமையாய்க் கிடக்கும் மண்டபத்தால் வருவாய் இல்லை. ஆகவே உச்சியிலுள்ள மண்டபங்கள் நாடக அரங்குகளாகவும் பயன்படலாயின. கூரையிலும் கேளிக்கை நிகழ்ச்சிகள் நடந்தன. வான்வெளியிலே நாடகம் பார்ப்பது சனங்களுக்குப் பெரும் புதுமை. கூட்டம் திரண்டது. ஆனால் நாடகத்துக்கு வருவோர் காரியாலயத்துக்கு வருவோரைப்போல ஒருவர் இருவராக வருவதில்லை. ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் கலைவர். அத்தனை பேரும் கட்டிடத்தின் அதியுச்சிக்கே செல்லவேண்டும். வழக்கறிஞரைக் காண வந்தோனும், பல் வைத்தியரிடம் வந்தோனும், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு அதே லிப்ட் வாயிலில் நெருக்குண்டு நின்றனர். சிலநாள் பொறுத்த வாடகையாளர், வசதியான வேறு கட்டிடங்களை நாடினர். வருவாயைப் பெருக்குவதற்கென்று செய்த ஏற்பாடு, நிலையான வருவாயை விரட்டிவிட்டது.

இதற்கிடையில் நகரசபை 1893ஆம் ஆண்டிலே, புதிய கட்டிடங்கள் 130 அடிக்கு மேல் எழும்பலாகாது என்று விதித்தது. அவ்விதி பின்னர்ப் பலமுறை மாற்றப்பட்டது. உயரத்தால் வந்த பெருமை சில ஆண்டுகளுக்கு அதற்கே உரியதாயிற்று. ஆனால் பெருமை வாடகை கொடுப்பதில்லை. 1922ஆம் ஆண்டிலே பெயரும் மாறிக் கப்பிற்றோல் கட்டிடம் எனப்பட்டது. 1926ஆம் ஆண்டில், அதே றாண்டால்ப் வீதியிலே, ஒரியண்டல் நாடக அரங்கைத் தன்னுள் அடக்கிய புதிய மேசன் மாளிகையொன்று எழுந்தது.

முடிவு மண்ணுக்கடியிலிருந்து வந்தது. 1938ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்டேட் வீதியின் கீழே நிலக்கீழ் ரயிற்பாதை அமைக்கும் வேலை தொடங்கிற்று. களியின்மேல் மிதந்த மாளிகைக்கு அருகே, அக்களியைத் தோண்டிச் சுரங்கம் அமைக்கும்போது, அடித்தளத்தை வலுப்படுத்துதல் இன்றியமையாதது. அதற்குப் பெருஞ்செலவாகும். வாடகை நன்றாக வந்துகொண்டிருந்தால் அச்செலவைச் செய்திருப்பர். ஆனால் லிப்ட் முதலிய உள்வசதிகளிற் பின்தங்கி, வாடகையாளரையும் இழந்துவந்த கட்டிடத்துக்கு அச்செலவைச் செய்ய எவரும் முன்வரவில்லை. 1939ஆம் ஆண்டிலே அது இடிக்கப்பட்டது. அதற்கு வயது 50 ஆகவில்லை.

அவ்விடத்தில் பின்னர்க் கட்டப்பட்டது யாதென்று எண்ணுகின்றீர்கள்? இரண்டு மாடிக் கடைக்கட்டிடம் ஒன்று! அத்தகைய சிறு கட்டிடத்துக்கு அமெரிக்கர் இட்ட பட்டப்பெயர் 'வரிகட்டி' என்பதாம். நிலத்துக்குரிய வரியைக் கட்டுமளவுக்கு வாடகை தந்தாற் போதும் என்பது பொருள். 302 அடி உயர்ந்து நின்ற இடத்திலே இரண்டு மாடி! சிற்றூர்ச் சங்கத்தார் கட்டிய அளவுக்கே அந்த மூலை திரும்பிவந்தது.

இனி, அதே பேண்ஹமும் றூட்டும் அதே காலத்தில் வரைந்த மற்றொரு கட்டிடத்தை நோக்குவோம். மொனாட்நொக் என்பது அதன் பெயர். 1891ஆம் ஆண்டில் முடிவுற்றது. 16 மாடி உடையது. அதில் உருக்குச் சட்டகத்தின் துணையை நம்பாமல், கனத்த செங்கற் சுவர்களையே நம்பினர். அடியிலே அச்சுவரின் தடிப்பு 6 அடி. அலங்காரம் இல்லை, உச்சியில் அரங்கு இல்லை. தெருவோரத்திலே சிறு கடைகள், மேலே காரியாலயங்கள், அவ்வளவே. கலையுலகில் அதனை அக்காலத்துப் பழைய முறையின் முடிவு என்பர். மேசன் மாளிகையோ புதிய முறையைச் சேர்ந்தது. பழைய முறையில் நின்றது இன்றும் நிற்கின்றது. 1980களிலே பொருள் செலவிட்டு அதனைப் புதுப்பித்தனர். இன்றும் அதன் கீழ்த்தளத்திலே கடைகள் உள்ளன. மேலே காரியாலயங்கள் நடைபெறுகின்றன. முதலிலே எதற்காகக் கட்டினரோ அதற்கே அது இன்னும் பயன்படுகின்றது.

இதனைக் கொண்டு மேசன் மாளிகையை அமைத்தோர் அறிவிலிகள் என்று கூறிவிடலாகாது. அவர்கள் எண்ணம் தவறன்று, காலம்தான் முந்தியது. 1969ஆம் ஆண்டில் அதே சிக்காகோவில் ஜோன் ஹான்கொக் கோபுரம் என்னும் 100 மாடிக் கட்டிடம் முடிவுற்றது. அதிலும் கீழே கடைகள், நடுவே காரியாலயங்கள், மேலே குடியிருப்புகள். ஆனால் குடியிருப்போர்க்கு வேறு லிப்ட். காரியாலயத்தார்க்கு வேறு லிப்ட். நாற்பத்துநான்காம் மாடியிலே இறங்கி வேறு லிப்டுக்கு மாறிச்செல்லும் இடைத்தங்கல் மண்டபமும் உண்டு. மேசன்கள் கண்ட கனவை, வழிகளைப் பிரித்ததனால் அவர்கள் பேரர் காலத்தார் நனவாக்கினர். ஸ்டேட் வீதி மூலையும் வெறுமையாய் இருந்துவிடவில்லை. 2008ஆம் ஆண்டிலே அங்கு ஜொஃப்ரி கோபுரம் எழுந்தது. கீழே கடைகள், அவற்றின்மேல் ஜொஃப்ரி நடனக் குழுவினரின் பயிற்சிக் கூடங்கள், அவற்றுக்கும் மேலே குடியிருப்புகள். பெயரும் உருவமும் மாறினவேயன்றி, ஒன்றன்மேலொன்றாய் அடுக்கும் பழைய ஒழுங்கு அங்கே மீண்டும் வந்துவிட்டது.

கொழும்பு நகரிலும் வானளாவிய கட்டிடங்கள் இப்போது பல எழுந்துள்ளன. அவற்றை நாம் காணும்போது எத்தனை மாடி, எத்தனை அடி என்றே முதலில் வினவுகின்றோம். மேசன் மாளிகையின் கதையைக் கேட்ட பின்பு வேறு சில வினாக்களையும் வினவத் தோன்றும். இதனுள் எத்தனை வகையான மக்கள் வருவர்? அவர்கள் அனைவரும் ஒரே வாயிலில் நெருக்குண்பரா, அன்றித் தத்தமக்குரிய வழியிற் செல்வரா? இருபதாம் மாடியிற் கடை வைத்திருப்போனை நாடி ஏறிச்செல்வோர் யார்? இதன் நிலத்துக்கடியில் நாளை என்ன வரும்? இவ்வினாக்களுக்குரிய விடை கட்டிடத்தின் முகப்பிலே தெரியாது. அது வாடகைக் கணக்கிலும், லிப்ட் வாயிலில் நிற்போரின் பொறுமையிலும், மண்ணுக்குள் மறைந்த அடித்தளத்திலுமே எழுதப்பட்டிருக்கும்.

றூட் வரைந்த அந்த வில்வளைவு வாயில் இன்று புகைப்படங்களில் மட்டுமே உள்ளது. நேயர்களில் எவரேனும் சிக்காகோவுக்குச் செல்ல நேரின், ஸ்டேட் வீதியும் றாண்டால்ப் வீதியும் சந்திக்கும் மூலையிலே சற்று நின்று பாருங்கள். காலடியிலே ரயில் ஓடும் ஓசை கேட்கும். அங்கிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால் மொனாட்நொக் கட்டிடம் வரும். உள்ளே சென்று அதன் கடைகளில் ஒன்றிலே ஏதேனும் வாங்கிக்கொண்டு வாருங்கள். அக்கட்டிடம் நூற்றாண்டு கடந்தும் நின்றுகொண்டிருப்பதற்கு, உங்களைப் போன்று உள்ளே நுழைந்தோர் கொடுத்த காசும் ஒரு காரணமாகும்.